நூற்றுப் பதினான்கு கிலோ

ரௌமா துறை, அக்டோபர் பதினெட்டு.
காற்று நொடிக்கு ஆறு மீட்டர்.
எட்டைத் தாண்டினால் கொக்கியை இறக்கமாட்டேன்
யார் படகானாலும்
யார் அவசரமானாலும்.

இன்னும் இரண்டு மாதத்தில்
கரையோரக் கடல் பால்போல ஆடை கட்டும்.
அதற்குள் இங்கிருக்கும் அத்தனை பாய்மரமும்
கழன்று படுத்தாக வேண்டும்.

பதினோராவதாக
ஹில்க்காவும் தோர்ஸ்தியும்.
வீடு விற்றாயிற்று என்று கேள்வி.
நாய் அவளுக்கு, கார் அவனுக்கு.
படகை மட்டும்
ரம்பம் போட்டுப் பிரிக்க முடியவில்லை.

முன்வேலை சுத்தமாக முடிந்திருந்தது.
வெவ்வேறு நாட்களில் வந்து செய்தார்களாம்.
பாய்க்கழியை இறக்கி
முறுக்குத் திருகு ஒவ்வொன்றிலும் எத்தனை மரை என்று எண்ணி
நீல நாடா சுற்றியிருந்தாள்.
ஆப்புகளைத் தட்டி எடுத்து
ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தான்.
வார்ப்பட்டையைக் குறுக்குக் கரங்களுக்குச் சற்றுக் கீழே,
பாரத்தின் நடுவுக்கு நன்றாக மேலே கட்டச் சொன்னேன்.
இறங்கிக் கட்டினால் குப்புறக் கவிழும்.
தலைக்கனம் உள்ள எதுவும் அப்படித்தான்.

பிறகு விதி.
கைச்சாடை காட்டுவது ஒருவர்தான்.
இரண்டு பேர் காட்டினால்
நான் இருவரையும் பார்க்கமாட்டேன்.

யார் என்று முடிவாக
ஆறு நிமிடம் ஆனது.
கூண்டுக்குள் டீசல் இரைச்சல்,
பேசியது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.
கேட்காததும் நல்லதே.
கடைசியில் அவள் தளத்தில் நின்றாள்,
அவன் அறைக்குள் இறங்கினான்
மரத்தின் அடியைப் பிடிக்க.

ஒரு விரல்கடை இழுத்தேன்.
வடம் விறைத்தது.
இனிமேல்தான் கம்பிகளை அவிழ்க்கலாம்.
முந்திக்கொண்டு அவிழ்த்த போரிக்காரர் ஒருவரின் பாய்மரம்
பக்கத்துப் படகின் கூரையில் படுத்த கதை
இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

பின்கம்பி. பக்கத்துக் கம்பிகள்.
அணியத்துக் கம்பி.
அவள் விரல் மேல்நோக்கிச் சுழன்றது:
மெல்ல, மெல்ல.

என் பழைய குறிப்பேட்டில் இந்த மரம்
நூற்றுப் பதினான்கு கிலோ.
முள் நூற்றுப் பதினான்கைத் தொட்டது.
நூற்று முப்பது.
நூற்று ஐம்பது.
அவள் விரல் இன்னும் சுழல்கிறது.
என் கை நெம்புகோலை விடும் முன்பே
அறையின் வாயிலிலிருந்து
இறுக்கி மூடிய ஒரு முஷ்டி எழுந்தது.

நிறுத்து என்பதை மட்டும்
யார் சொன்னாலும் கேட்பேன்.
அதுவும் விதி.

இடிக்காகப் போட்ட செம்புக் கம்பி,
சுண்டுவிரல் பருமன்,
மரத்தின் அடியை ஏராவின் ஆணியோடு பிடித்துக்கொண்டிருந்தது.
அவள் கழற்றியிருப்பாள் என்று அவன்.
அவன் கழற்றியிருப்பான் என்று அவள்.

குறடு கேட்டுக் கை நீட்டினான்.
குனிந்து கொடுத்தாள்.
முள் கீழே வந்து
தன் எண்ணில் நின்றது.

மரம் வானத்தில் ஏறியபோது
கீழே யாரும் இல்லை, பார்த்துக்கொண்டேன்.
அது நின்ற குழியில்
கறுத்துப்போன ஒரு மார்க்கா நாணயம்.
அதை எடுத்து, துடைத்து,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
சற்று நேரம் நின்றான்.
சட்டைப்பையில் போட்டானா,
மேலே நீட்டினானா,
நான் மரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ரசீதை இரண்டாகப் போடச் சொன்னார்கள்.
முப்பத்தைந்து யூரோ, முப்பத்தைந்து யூரோ.

மே மாதம் ஒன்பது. காற்று நான்கு.
சாடை காட்டுவது யார் என்ற பேச்சே இல்லை,
அவன் நேராக அறைக்குள் இறங்கிவிட்டான்.
தொங்கும் மரத்தின் அடி
மெல்ல அறைக்குள் நுழைந்தது.
இரண்டு அங்குலத்தில்
மறுபடி அந்த முஷ்டி.
நிறுத்தினேன்.

அவள் மண்டியிட்டு
எதையோ அவன் கையில் கொடுத்தாள்.
நாணயமாக இருக்கலாம்,
வெறும் ஆப்பாகவும் இருக்கலாம்.

முஷ்டி விரிந்தது. இறக்கினேன்.
முன்கம்பி பூட்டி, பின்கம்பி பூட்டி
நீல நாடாவரை திருகி முடியும்வரை
கொக்கியைத் தளர்த்தவில்லை.

இறக்கத் தொடங்கும் முன்
முள் நூற்றுப் பதினைந்து காட்டியது.
அந்த ஒரு கிலோ எதில் கூடியது என்று
கேட்க நினைத்தேன்.
பன்னிரண்டாவது படகு ஹாரன் அடித்தது.
குறிப்பேட்டில் நான்கை அடித்து
ஐந்து என்று எழுதினேன்.