இன்டெர்ஃபோன்

அட்டையின் மேல்மூலையில் சொல்லை எழுதினேன்:
இன்டெர்ஃபோன்.
கீழே, பொருள்: தெருக்கதவில் நிற்பவரும்
மாடியில் இருப்பவரும் பேசிக்கொள்ளும் கருவி.
அதற்கும் கீழே, பிறப்பு: பிரெஞ்சு.
பேனாவை மூடிவிட்டேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

எதிர்மேசை இலாரியோன் விடவில்லை.
பிரெஞ்சு வெறும் தரகன், என்றார்.
முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம்,
கல்யாணம் எங்கே நடந்ததோ,
குடித்தனம் நம் யாஷ் நகரத்தில்,
அதுவும் லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடங்களில்.
சொல்லிவிட்டு எள் தூவிய கொவ்ரிகைப் பிட்டார்.

எனக்கு உறைத்தது வேறு.
'இன்டெர்' நமக்குப் புதுசா என்ன?
அதன் கூடப்பிறந்த 'இன்த்ரே'
ரோமச் சிப்பாய்கள் கிளம்பிப்போன நாள் முதலாய் இங்கேதான் கிடக்கிறது,
வேலிக்கும் வேலிக்கும்
எனக்கும் உனக்கும்
நடுவில் நின்று நின்று ஓரமெல்லாம் தேய்ந்து.
அண்ணன் பாரிஸ் சட்டை போட்டுவந்து மணியடிக்க
தம்பி கதவிடுக்கில் பார்த்துவிட்டு
யாரோ வெளியூர் என்கிறான்.

அட்டையில் இதற்கு இடமில்லை.

இன்னொன்றுக்கும் இடமில்லை.
எங்கள் கட்டடத்துப் பதினான்காம் எண் பராஸ்கிவா
கருவி கெட்டுப்போகும் நாளெல்லாம் படியில் நின்று கத்துவாள்:
"தெர்ஃபோன் செத்துப்போச்சு!"
'இன்' என்றால் 'உள்ளே' என்று நினைத்து
அதை உள்ளேயே விட்டுவிட்டு வருகிறாள்.
பேச்சு வடிவம், சாட்சி ஒன்று, என எழுதிக் காட்டினேன்.
அச்சில் உண்டா?
படிக்கட்டில் உண்டு.
இலாரியோன் சிவப்பு மையால் அடித்தார்,
கொவ்ரிக் எள் ஒன்று அட்டையில் ஒட்டிக்கொண்டது.

மாலை. பனி சகதியாகிவிட்டது.
சாவியை மேசை இழுப்பறையில் விட்டு வந்திருக்கிறேன்,
'இ' வரிசை அட்டைகளோடு.
பதினான்கை அழுத்தினேன்.
கரகரப்பு, எங்கோ வறுபடும் வெங்காயத்தின் சத்தம், பிறகு பராஸ்கிவா:
யாரது?

இருபத்திரண்டு வருடமாய்ச் சொற்களிடம் நான் கேட்டுவரும் கேள்வி.
எங்கிருந்து, எவர் வழியாக, எந்த ஆண்டு,
வேறு மொழியில் உனக்குச் சொந்தக்காரர் உண்டா.
பெயர் ஸ்மரான்டா, தகப்பன் வழி ஹ்ரிஸ்கு,
தாய்வழி பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு
என்றெல்லாம் சொல்லியிருக்கலாம்.
ஓட்டைத் தகரத்தின் முன் குனிந்து
இந்த ஊரே சொல்வதைத்தான் சொன்னேன்:

நான்தான்.

மேற்கொண்டு அவள் கேட்கவில்லை.
கதவு ர்ர்ர் என்றது.
தோளால் தள்ள வேண்டும், குளிர்காலத்தில் அது இறுகிக்கொள்ளும்.