சொல்லுக்கு ஒரு சென்ட்

மிஸஸ் க்ரூகரின் மேசைமேல்
ஊறுகாய் தீர்ந்துபோன கண்ணாடி ஜாடி.
ஸ்பானிஷில் ஒரு சொல் வாய்தவறி விழுந்தால்
அதற்குள் ஒரு சென்ட் விழவேண்டும்.

தாகத்துக்கு ‘ஆகுவா’ என்றேன்.
ஒரு சென்ட்.
முட்டி கிழிந்த மதியம்
எவாரிஸ்தோ ‘அய், மமா’ என்று அலறினான்.
ஒன்றா இரண்டா?
மிஸஸ் க்ரூகர் கொஞ்சம் யோசித்தார்.
‘அய்’ எல்லாருக்கும் பொது என்று
அதை மட்டும் தள்ளுபடி செய்தார்.
அநியாயக்காரி இல்லை அவர்.

என் பெயர் நியெவெஸ்.
வெண்பனி என்று அர்த்தம்.
தெற்கு டெக்சஸில், தார் உருகும் ஊரில்
எதைப் பார்த்து வைத்தார்களோ.
வகுப்பில் நான் நான்சி.
அது இலவசம்.

கணக்கில் நான் கெட்டி.
மாவு வந்த காகிதப் பையைக் கிழித்து
பின்புறம் எழுதிவைத்தேன்.
செப்டம்பர், இருபத்தொன்று.
அக்டோபரில் ஒன்றுமில்லை,
குடும்பத்தோடு வடக்கே பருத்திக்குப் போயிருந்தோம்.
பருத்திக்காட்டில்
எந்த மொழியிலும் குனியலாம்,
அபராதம் கிடையாது.
டிசம்பர், முப்பத்தெட்டு
(கிறிஸ்துமஸ் என்பதால் வாய் நிற்கவில்லை).
சோடா பாட்டில் பொறுக்கி விற்ற காசு
அத்தனையும் என் நாக்குக்கே போயிற்று.
இரண்டு வருஷத்தில்
மூன்று டாலர் ஐம்பது.

ஜனவரிக் கடைசியில் ஒப்துலியா வந்தாள்,
ரசீதுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி.
ஓட்டுப் போடத் தலைவரி.
தலைக்கு ஒரு டாலர் எழுபத்தைந்து.
நாளை மறுநாள் கடைசி.
அம்மா காப்பித் தகரத்தைக் கவிழ்த்தாள்.
இரண்டு டாலர் பத்து.
ஒரு தலைக்குத்தான் வரும்.

காசைச் சுண்டினார்கள்.
அம்மா ஜெயித்தாள்.
அப்பா மறுபடி சுண்டச் சொன்னார்.
மறுபடியும் அம்மா.
அப்பா எழுந்துபோய்
லாரியின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார்,
காற்று இருக்கிறதா என்று.

அன்று ராத்திரிதான்
அம்மா கையில் என் காகிதம் சிக்கியது.
திட்டுவாள் என்று சுவரோடு ஒட்டிப் படுத்தேன்.
விரல் மடக்கினாள், உதடு அசைத்தாள்,
மூன்று ஐம்பதை இரண்டாய் வகுத்தாள்.
பள்ளிக்கூடம் மூன்றே வருஷம் போனவள்.
மீதி வரவில்லை.
சரியாக இரண்டு தலை.

“ஃபிதென்ஸியோ” என்று அப்பாவை எழுப்பினாள்.
“இவள் வாக்கும் உன் வாக்கும்
அந்த ஜாடிக்குள்தான் கிடக்கிறது.”

ஏப்ரலில் ஓட்டு.
எங்கள் தெருவுக்கும் சாக்கடை வேண்டுமென்று
நம் ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள்.
பேர் கேட்ட குமாஸ்தாவிடம்
ஹோர்தென்ஸியா கவாஸோஸ் தே லா பேன்யா
என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாளாம்.
வாசலில் நின்ற நான் எண்ணினேன்.
ஐந்து சென்ட்.
யாரும் ஜாடியை நீட்டவில்லை.

தோற்றோம்.
முப்பத்தொரு ஓட்டு.
அம்மா பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்,
செய்தி கேட்டும் கை நிற்கவில்லை.
“முப்பத்தொன்று” என்று மட்டும்
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்,
தெருவில் எத்தனை வீடு
தகரத்தைக் கவிழ்த்தும் பத்தாமல் போயிற்று என்று
மனசுக்குள் ஓட்டுகிறவள்போல.

மறுநாள் காலை
பாட்டில் விற்ற காசோடு வகுப்புக்குப் போனேன்.
மிஸஸ் க்ரூகரின் மேசையில்
ஒவ்வொன்றாய் வரிசை வைத்தேன்.
எட்டு.
“என்ன இது, நான்சி?”
“முன்பணம்” என்றேன், அவர் மொழியில்.
பிறகு என் மொழியில்,
மே யாமோ நியெவெஸ் இ மி மமா வோதோ அயெர்.
என் பெயர் நியெவெஸ், என் அம்மா நேற்று ஓட்டுப் போட்டாள்.

கடன் பாக்கி இல்லை.
மிஸஸ் க்ரூகர் காசைத் தொடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
கொடிக்கம்பத்தின் கயிறு
இரும்பில் டிங் டிங் என்று அடித்தது.

பின்வரிசையிலிருந்து எவாரிஸ்தோ
என் காதுக்குள் கேட்டான்,
ஒரு சென்ட் இருக்கிறதா என்று.
கேட்ட கேள்விக்கே
மூன்று சென்ட் ஆகும்,
மடையனுக்கு.