நான்காம் கட்டில்

பள்ளத்தூர் ஆஸ்பத்திரி. கேஸ் ஷீட்டில்
டாக்டர் எழுதியிருந்தார்: அனோரெக்சியா.
எங்கள் வீட்டில் இதற்குச் "சோறு இறங்கலை".
சித்த வைத்தியரைக் கேட்டால் அரோசகம் என்பார்.

நைட் ட்யூட்டி. செல்போனில் தேடினேன்.
கிரேக்கச் சொல்லாம்.
அன் என்றால் இல்லை.
ஒரெக்சிஸ் என்றால் ஆசை,
இன்னும் அடியில் தோண்டினால்
கை நீட்டுதல்.
வயிற்றைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

சாத்தையா
ஆயிரம் இலைக் கல்யாணத்துக்குப் பணியாரம் ஊற்றியவர்.
கொதிக்கும் குழம்பை உள்ளங்கையில் விட்டு
உப்புப் பார்த்த கை
போர்வை மேல் கிடக்கிறது
கழுவிக் கவிழ்த்த கரண்டி மாதிரி.
மருமகள் பூமயில் கொண்டுவந்த கவுனி அரிசிக் கஞ்சி
ஆடை கட்டி, தூக்கில் அப்படியே.
"ஒரு வாய் மாமா" என்றாள்.
பிறகு அவளே குடித்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இன்று விடியலில்
ஐந்தாம் கட்டிலுக்கு யாரோ ரசம் ஊற்றினார்கள்.
கண் திறக்காமலே சொன்னார்:
"தாளிப்புக் கருகிருச்சு."

பசி: இல்லை என்றுதான்
காலை ஷீட்டிலும் எழுதினேன்.
பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.
டாக்டர் கேட்டால்
சொல்லிக்கொள்ளலாம்.