மாவு புளித்த இரவு

வேப்பேரி மாட்டாஸ்பத்திரி. இரவு ஒன்றரை.
டாட்டா ஏஸில் படுத்தபடியே வந்தது
சுலோசனாவின் பசு.
இடது விலாவைத் தட்டினால்
பாதி நிரம்பிய தண்ணீர்ப்பை போலக் குலுங்குகிறது.

"இன்னா தின்னுச்சு?"
"இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி, ஒரு அண்டா.
அப்பால, அரைச்சு வெச்ச மாவு மொத்தமும்.
கவுறு அவுந்துகிச்சு டாக்டர்."

என் ஆய்வேடு இதைப் பற்றித்தான்.
நைலான் பைகளில் தானியம் கட்டி
மாட்டின் முதல் வயிற்றில் தொங்கவிட்டு
மணிக்கொரு முறை எடுத்து நிறுப்பவள் நான்.
மக்காச்சோளம் லேசில் திறக்காது:
புரதச் சுவருக்குள் மாவுச்சத்து.
நுண்ணுயிர்கள் விரிசல் தேடி ஒட்டிக்கொண்டு
சங்கிலியைக் கண்ணி கண்ணியாய்க் கழற்ற வேண்டும்.
கோதுமை, தட்டினால் திறக்கும்.
ஊறி அரைபட்ட அரிசிக்குக்
கதவே கிடையாது.

குழாய் விட்டுச் சாறு எடுத்தேன்.
சாம்பல் பால். தாளில் தொட்டால் நாலே முக்கால்.
மாவுமணிகளை விழுங்கி வைத்துக்கொண்டு
வேகத்தைத் தணிக்கும் ஒற்றைச்செல் உயிர்கள்
கண்ணாடிச் சில்லில் ஒன்றுகூட நகரவில்லை.
அவசரக்காரர்கள் மட்டும் பிழைத்திருக்கிறார்கள்,
அமிலத்தைப் பெருக்கிக்கொண்டு.

சுலோசனா மக்கைக் குனிந்து முகர்ந்தாள்.
"அட, நம்ம மாவு!
சித்திரையில மத்தியானம் தாண்டுனா இதே வாசனதான்.
இத நான் விக்க மாட்டேன்."
"சொந்தக்காரங்கதான் ரெண்டும்."
"நான் ஃப்ரிட்ஜுல வெச்சு நிறுத்துவேன். நீங்க?"
"ஆப்ப சோடா."
அழுத முகம் அப்போதுதான் சிரித்தது.

மூன்று மணிக்குக் கழுவி முடித்தோம்.
மாதவரம் பண்ணையிலிருந்து பெஞ்சமின்
இரண்டு ஃபிளாஸ்க்கோடு பைக்கில் வந்தான்.
பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியது: 'டீ இல்லை'.
உள்ளே வேறொரு மாட்டின் வயிற்றுச்சாறு,
சூடு ஆறாமல்,
கோடிக்கணக்கில் குடித்தனக்காரர்கள்.
புனல் வைத்து ஊற்றினோம்,
காலியான வீட்டுக்கு ஆள் அனுப்புவது போல.

பிறகு காத்திருப்பு.
நிமிஷத்துக்கு ஒன்றாவது கேட்க வேண்டும்.
ஐந்து நிமிஷம் காது வைத்தேன். ஒன்றுமில்லை.
அவள் போனில் யாரிடமோ:
"இன்னிக்கு மாவு இல்ல.
நாளைக்கா? தெரியல."

ஐந்தே முக்கால். முதல் பால் வண்டி போன நேரம்.
ஸ்டெதாஸ்கோப்பில் எங்கோ ஆழத்தில்
ஏதோ புரண்டு படுத்தது.
அவள் காதில் மாட்டினேன்.
"கிரைண்டர் மாதிரி கீது," என்றாள்,
"கல்லு இன்னும் சரியா உக்காரல."

கேஸ் தாளில் எழுதினேன்:
இரைப்பை அசைவு: ஒன்று.
அடுத்த கட்டம், 'அசைபோடுதல்'.
பேனாவை மூடாமல்
அதை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.