கு.நத்தம்

பில் புத்தகத்தில் ஊர்ப்பெயருக்கு விட்டிருக்கும் கட்டம்
தீப்பெட்டி அகலம்கூட இல்லை.
பாகூர் அடங்கும்.
மணமேடு, நெருக்கி எழுதினால் அடங்கும்.
குருவிநத்தத்தை
ஏழு வருடமாக கு.நத்தம் என்றே
எழுதிவருகிறேன்.

தணிகாசலம், கு.நத்தம்,
குருணை மருந்து ஐந்து கிலோ, கடன்.

வரப்பெல்லாம் நண்டு வளை என்றார்.
கட்டின தண்ணீர் விடிவதற்குள்
பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடுகிறதாம்.
வளைக்கு ஒரு சிட்டிகை போட்டால் போதாதா என்று கேட்டார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பையில் முக்கோணம் இருக்கிறது, சிவப்பு,
எழுத்து தெரியாதவருக்கும் புரியட்டுமென்று போட்டது.
அது சொல்லிக்கொள்ளும் என்று
கார்பன் தாளைத் திருப்பிவைத்தேன்.

கார்த்திகை மழைக்கு
ட்யூப்லைட்டில் எண்ணெய் தடவிய காகிதம் தொங்கவிடுவோம்.
பச்சைத் தத்துப்பூச்சி கொத்துக்கொத்தாய் ஒட்டும்.
ஒட்டாதது கணக்கில் விழும்,
ஊதித் தள்ளிவிட்டுக் கூட்டல் போடுவேன்.
இந்த வருடம் காகிதம் தொங்கவிடவில்லை.
யாரும் முடிவெடுத்து விடவில்லை,
தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.
பட்டிக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி
இடுப்பெலும்பு தெரிய இறங்கிவந்து
சுவிட்சின் சிவப்புப் பொட்டை
நக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

தை நாலாம் தேதி
பெர்னதெத் டாக்டர் வந்தார், கால்நடை ஆஸ்பத்திரி.
சில்லறை கேட்பதுபோல் கேட்டார்:
போன மாதப் பில் புத்தகம் இருக்கா?

ஏரி வாய்க்காலில் பதினேழு மடையான்.
ஒன்றை அறுத்திருக்கிறார்.
இரைப்பையில் நண்டுக் கால், பாதி கரைந்த கொடுக்கு,
சேற்றோடு சேறாய் ஊதா நிறத்தில் என்னவோ.
நிற்கும்போது வரப்பு மண் நிறம் அது,
பறந்தால்தான் வெள்ளை.
மேசையில் றெக்கையை விரித்துப் பிடித்தபோது
அந்த வெள்ளையைப் பார்க்க முடியலம்மா என்றார்.
தின்ன வந்த கீரி ஒன்று
நாலடி தள்ளிக் கிடந்ததாம்.
காக்கைகள் மட்டும் கிட்டே போகவில்லை.
அவற்றுக்கு யார் முக்கோணம் காட்டினார்களோ.

முதலாளி உள்ளிருந்தே சொன்னார்:
புத்தகம் ஆடிட்டரிடம் போயிருக்கு.
அது என் முழங்கைக்கு அடியில் இருந்தது.
டாக்டர் என் முழங்கையைப் பார்த்தார்.
நான் என் ஒன்பதாயிரம் ரூபாயைப் பார்த்தேன்,
தணிகாசலத்தின் அடகுச் சீட்டு கிடக்கும்
மேசை டிராயரைப் பார்த்தேன்.
போய்விட்டார்.

மறுவாரம் தணிகாசலமே வந்தார்.
தண்ணீர் இப்போது நிற்கிறதாம், நண்டில்லை.
ஆனால் இலையெல்லாம் சுருட்டுப்புழு.
மடையான் வந்து பொறுக்கும் எப்பவும்,
இந்த வருசம் என்னமோ ஒண்ணையும் காணோம், என்றார்.
நிஜமாகவே தெரியாத முகம்.
அதற்கு என்ன மருந்து இருக்கு?

மஞ்சள் முக்கோணத்தில் ஒரு லிட்டர் எடுத்து வைத்தார்கள்.
பேனாவைத் திறந்தேன்.
நேற்று யாரோ எழுதிய விலாசம்போல
கைக்குப் பழக்கமில்லாத எழுத்தில்
ஊர்ப்பெயரை முழுசாக எழுதினேன்.

குருவி அடங்கிற்று கட்டத்துக்குள்.
நத்தம் கோட்டைத் தாண்டி
விலையின் மேல் போய் விழுந்தது.

முதலாளி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து
என்ன இது, தொகையே தெரியலையே என்றார்.