லாம்

சாஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு.
எலியின் செல்களுக்கு அதுதான் வசதி.

தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டு.
ஒவ்வொரு குழியிலும் முதலில் ஒரு துளி நஞ்சு விடுகிறேன்,
செத்துப்போன பாக்டீரியாவின் மேல்தோல்.
திருடன் புகுந்ததாக நம்பி
ஊரே பந்தம் கொளுத்தி ஓடிவருகிறது.
திருடன் இல்லை, அவன் சட்டைதான்.
பற்றிக்கொண்ட பிறகு
அதைத் தீயிடம் யார் சொல்வது.

அழல் என்ற சொல்லிலிருந்து
அழற்சியை எடுத்தவர் யாரோ,
நிச்சயம் அவருக்கு முழங்கால் வலித்திருக்கும்.

பிறகு சாறுகள்.
ரோஸ்மேரி, சேஜ், தைம்,
எட்டாம் தெருக் கடையில்
இரண்டு டாலர் தொண்ணூற்றொன்பதுக்கு வாங்கிய ஆரிகானோ.
கசக்கி முகர்ந்தால்
கற்பூரவள்ளிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
கருவியும் அதையேதான் சொல்கிறது:
இரண்டிலும் கார்வக்ரோல்.

மறுநாள் சாயம்.
கோபம் மிச்சமிருக்கும் குழி சிவந்து காட்டும்,
தணிந்த குழி வெளிறும்.
ரோஸ்மேரி வரிசையில் ஆறு குழிகள்
தண்ணீர் அதிகமாகிவிட்ட ரோஸ்மில்க்.
ஒக்ஸானா எட்டிப் பார்த்து விசிலடித்தாள்.

எனக்கு விசில் வரவில்லை.
பதினோரு வருடம் பிப்பெட்டை அழுத்திய கட்டைவிரல்
கையுறைக்குள் விண்விண்ணென்றது.
விரலுக்கேத்த வீக்கம் என்பார்கள்.
எனக்கு விரல் கொஞ்சம் சிறியது.

கட்டுரை ஆங்கிலத்தில் போனது.
மனசுக்குள் நான் தமிழில்தான் படித்தேன்:
அழற்சியைக் குறைக்கலாம்.
அந்த லாமுக்காக மூன்று கூட்டம் போட்டோம்.
பல்கலைக்கழகச் செய்திப் பிரிவு
தலைப்பு நீளம் என்று
அதை மட்டும் வெட்டிவிட்டது.

வியாழக்கிழமை ஒரு தொலைபேசி.
மூஸ் ஜாவிலிருந்து, வெர்னா, எழுபத்திரண்டு வயது.
கைவிரல்கள் காலையில் மடங்குவதில்லையாம்.
செய்தியைப் படித்ததும் மாத்திரையை நிறுத்தியாயிற்று,
காலையும் மாலையும் சேஜ் டீ.
எத்தனை இலை போட வேண்டும்,
அதைச் சொன்னால் போதும்.

கணக்கு எனக்குத் தெரியும், வெர்னா.
தட்டில் நான் விட்ட அளவு உங்கள் ரத்தத்தில் சேர
ஒரு செடியை அல்ல
ஒரு வேலியை நீங்கள் மேய வேண்டும்.
அதிலும் பெரும்பகுதியைக் குடல் உள்ளே விடாது,
விட்டதைக் கல்லீரல் பிரித்துப்போட்டுவிடும்.
எலியின் செல் ஒரு எலிகூட இல்லை.
எலி நீங்கள் இல்லை.

இப்படியே சொல்லவில்லை.
இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன்,
மாத்திரையை இப்படி நிறுத்தக் கூடாது என்றேன்,
இரண்டு முறை.
அந்தப் பக்கம் கெட்டில் கூவத் தொடங்கியது.
அதை அணைக்காமலே கேட்டார்:
அப்போ, டீ?

அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு
குடிக்கலாம், என்றேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது.
அதே லாம்.
மழை வரலாம் என்றால்
குடையை எடுப்பதா வேண்டாமா என்று நிற்கிறோம்.
உள்ளே வரலாம் என்றால்
செருப்பைக் கழற்றுகிறோம்.
செய்திப் பிரிவு வெட்டியது எதை என்று
அவர்களுக்கே தெரியாது.

வீட்டில் ஜன்னல் முழுக்கப் பனிப்பூ.
ஆய்வகத்துக்குப் போகாத பாதிக் கட்டு ரோஸ்மேரி
ஃபிரிட்ஜில் கிடந்தது.
ரசம் நுரைகட்டும்போது
கறிவேப்பிலைக்குப் பதிலாக ஒரு கொத்து உருவிப்போட்டேன்.
தவறான வாசனை.
மோசமில்லை.
மருந்தாகவெல்லாம் இல்லை.
கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சுரங்க ஷிஃப்ட் முடிந்து வந்த செவ்வேள்
பூட்ஸைக் கழற்றக் குனிந்து
பாதியில் நின்றான், இடுப்பைப் பிடித்தபடி.
மூக்கை உறிஞ்சினான்.
என்னடி இது, பைன் மரத்தை வேகவைக்கிறாயா?

நான் பதில் சொல்லவில்லை.
அடுப்பை அணைத்தேன்.
இடது கையால் அலமாரியைத் திறந்து
குழிகள் இல்லாத தட்டு
இரண்டு எடுத்தேன்.

சாப்பிடலாமா, என்றான்.