தெளிவில்லை

கஸ்தூரியார் வீதிக் கடையில்
டிலுக்சன் முதலில் ஜெனரேற்றரைப் போட்டான்.
"இப்ப மாட்டிப் பாருங்கோ அக்கா."
மாட்டினேன்.
ஜெனரேற்றர் நடுங்கிக்கொண்டு நின்றது,
சத்தம் மட்டும் எங்கோ போய்விட்டது.
அவன் குரல் போகவில்லை:
"முள்ளை முள்ளால எடுக்கிற மாதிரி.
வாற சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் உள்ளுக்கு விடும்."

எட்டாயிரத்துத் தொளாயிரம்.
கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்த மற்றது
ஒரு லட்சத்து முப்பதாயிரம்.
அதை அவன் எடுத்துக் காட்டவேயில்லை;
என் செருப்பைப் பார்த்திருப்பான்.

எனக்கு நிமிடத்துக்கு அறுபது ரூபா.
யாரோ பேசிய ஒலிப்பதிவை
இருமல் உட்பட எழுத்தில் இறக்கிக் கொடுக்கும் வேலை.
ஆகவே இந்தக் கறுப்பு வளையத்தின் விலை
நூற்று நாற்பத்தொன்பது நிமிடம்
பிறத்தியார் பேச்சு.

இணுவிலில் ஒரு கிழமை சோதித்தேன்.
மேசை விசிறி போயிற்று.
குளிர்சாதனப் பெட்டியும் போயிற்று;
அது இத்தனை நாள் முனகியதே
நின்ற பிறகுதான் தெரியும்.
புகையிலைத் தோட்டத்துப் பம்ப் முக்கால்வாசி.
பாண்காரனின் ஓட்டோப் பாட்டை அதால் ஒன்றும் செய்ய முடியவில்லை,
காகத்தையும்.
பக்கத்து வீட்டு ஜெயசோதி அக்கா மகனைப் பேசுவதோ
முன்னையைவிடத் துலக்கம்,
மற்றச் சத்தமெல்லாம் ஒதுங்கி
அவவுக்கு வழிவிட்டது போல.
சில வசவுகளை முதன்முதலாக முழுசாய்க் கேட்டேன்.

காது வேர்த்தது.
முப்பது மணித்தியாலம் என்று பெட்டியில் எழுதிய பற்றரி
இருபத்தொன்றில் செத்தது.

வியாழன் இரவு பம்ப் திரும்பக் கேட்டது.
ஏமாத்திப்போட்டான் என்று கழற்றினேன்.
வெளியே பம்ப் இல்லை, தவளைதான்.
மாட்டினால், பம்ப்.
அது பதிவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது,
போன பங்குனியில், எவருடைய வெங்காயத்துக்கோ.
உள்ளே இருப்பதை இது வெட்டாது.
அதைப் பெட்டியில் எழுதவில்லை.

சோதிக்கவென்று நான் போட்டிருந்தது
காசும் வாங்கி முடிந்த பழைய கோப்பு.
நுண்கடன் ஆய்வு, பங்குபற்றுநர் இருபத்துமூன்று.
பெயர் எனக்குத் தருவதில்லை.

கேள்வி: முதல் கடனை எதுக்கு எடுத்தனீங்கள்?
பதில்: [தெளிவில்லை]
[மௌனம், நான்கு செக்கன்]

அப்படித்தான் அடித்து அனுப்பியிருந்தேன்.
இப்போது கேட்டால் அந்த நான்கு செக்கனில்
துணி உரசுகிறது,
சீலைத் தலைப்பு வாய்க்குப் போவது போல.
அதற்கு முன்னால், பம்புக்கு அடியில்,
காற்றுக் கலந்த ஒரு சொல்.
பதினொரு தரம் பின்னுக்கு இழுத்தேன்.

"பல்லுக்கு."
பிறகு இன்னும் சின்னதாய்,
"பல்லுக் கட்ட."

பல்லில்லாத வாயால் பல் என்று சொன்னால்
வேறெப்படி இருக்கும்.

அறிக்கையில் அவவை
'காரணம் குறிப்பிடாதோர்' நிரலில் கூட்டியிருப்பார்கள்.
குறிப்பிட்டவ. என் விசிறிதான் குறிப்பிடவில்லை.

விடியும்வரை இருந்து
அந்தக் கோப்பின் இருபத்தாறு தெளிவில்லைகளில்
பத்தொன்பதைத் திறந்தேன்.
ஒன்று ஆட்டின் பெயர்.
ஒன்று வெறும் "ஓம்".
ஏழு அசையவில்லை.
கூலியில்லாத இரவு,
யாரும் கேட்டதுமில்லை.
கொழும்புக்கு அனுப்ப, பத்து மணிக்குப் பதில்:
அறிக்கை அச்சாகிவிட்டது, மிக்க நன்றி.

சனிக்கிழமை கடைப்பக்கம் போனேன்.
"எப்பிடி அக்கா, குடுத்த காசுக்குப் பெறுமதியோ?"
காது வேர்க்குது என்றேன்.
பற்றரி பொய் என்றேன்.
பல்லைப் பற்றி என்னவென்று சொல்வது,
அவனுக்கு முப்பத்திரண்டும் பளபளக்குது.

மனம் கணக்குப் போட்டது:
இரண்டாயிரத்து நூற்று அறுபத்தேழு நிமிடம்.
ஏழு சொல்லுக்கு.

"தம்பி, அந்த அலுமாரியை ஒருக்கால் திற.
வாங்க இல்லை,
மாட்டிப் பாக்க."